புதுசா வைத்த பவளம் ஏன் வெள்ளையாகுது? தொட்டி வெளிச்சத்துக்குப் பழக்குவது எப்படி? நம்ம ஊரில் வளர்க்கலாமா?

பாரீஸில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டிலோ, யூடியூப் வீடியோவிலோ நீல வெளிச்சத்தில் மின்னும் பவளத் தொட்டியைப் பார்த்திருப்பீங்க. 'புதுச்சேரியில நம்ம வீட்டிலும் ஒண்ணு வைக்கலாமே' என்றுகூடத் தோன்றியிருக்கும். அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒன்று, புதிதாக வைத்த பவளம் சில நாட்களிலேயே வெள்ளையாகிவிடலாம். இரண்டு, இந்தியாவில் கல் பவளத்தை வைத்திருந்தால் ஜெயிலுக்கே போக வேண்டியிருக்கும்.

வெளிச்சம் எதுக்கு?

பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை. கூட்டமாக வாழும் குட்டி உயிரினம். அதன் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்து, பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுக்கின்றன. குடியிருப்பவரே வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சமைப்பது மாதிரி!

ஆனால் வெளிச்சம் திடீரென்று கூடினால், பாசிகளுக்குள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். அதைத் தாங்க முடியாமல் பவளம் பாசிகளை வெளியே தள்ளிவிடும். நிறம் கொடுத்த பாசி போனதும், கண்ணாடி மாதிரியான சதை வழியாக உள்ளே இருக்கும் வெள்ளைக் கூடு தெரியும். இதைத்தான் 'வெளிறுதல்' என்கிறார்கள்.

வெளிறிய பவளம் உடனே செத்துவிடாது. பட்டினியில் இருக்கிறது, அவ்வளவுதான். சீக்கிரம் நிழலுக்கு மாற்றினால் பாசி திரும்ப வளர்ந்து பிழைக்க வாய்ப்பு உண்டு.

எப்படிப் பழக்குகிறார்கள்?

கடல்வாழ் காட்சியகங்களிலும், வெளிநாட்டு வளர்ப்பாளர்களிடமும் உள்ள வழக்கம் இதுதான்:

* பவளம் பல மணி நேரம் இருட்டுப் பைக்குள் பயணம் செய்து வரும். அதனால் முதல் நாள் விளக்கு அணைந்தோ, மங்கலாகவோ இருக்கும்.
* முதலில் தொட்டியின் அடியில் வைப்பார்கள். சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் மேலே நகர்த்துவார்கள்.
* எல்.இ.டி. விளக்கைப் பாதி அளவில் தொடங்கி, மூன்று, நான்கு வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவார்கள்.
* விளக்கைக் குறைக்கும் வசதி இல்லையா? கொசுவலையை நாலைந்து மடிப்பாக விளக்குக்குக் கீழே விரித்து, சில நாட்களுக்கு ஒரு மடிப்பு எடுப்பார்கள்.

பழைய பவளம், புது விளக்கு என்றாலும் இதே கதைதான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நீல எல்.இ.டி. நம்ம கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். பவளத்துக்கோ அது கடும் வெயிலாக இருக்கலாம். அதனால் கண்ணை நம்பாமல், பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் 'பார் மீட்டர்' வைத்துப் பார்ப்பார்கள்.

மேல்பக்கம் வெளுத்தால் வெளிச்சம் அதிகம். மொத்தமாகப் பழுப்பேறினால் பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

கல் பவளம், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளன. புலி, யானைக்கு உள்ள அதே பாதுகாப்பு! மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது ரூ.25,000 அபராதம். புதுச்சேரிக்கும் இதே சட்டம்தான். செத்த பவளத் துண்டைக் கூட அலங்காரத்துக்கு வாங்கி வைக்காதீங்க. யாராவது விற்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லலாம்.

ஏன் இவ்வளவு கடுமை?

மன்னார் வளைகுடாவைப் பார்த்தால் புரியும். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சுற்றி 117 வகைக் கல் பவளங்கள் பதிவாகியுள்ளன. அக்னி நட்சத்திர நேரத்தில் கடல் நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது, பாசிகள் வழக்கமான வெளிச்சத்தையே தாங்காமல் தடுமாறும். சூடும் வெளிச்சமும் சேர்ந்து அடிப்பதுதான் ஆபத்து. 2010, 2016 ஆண்டுகளில் இங்கே பெரிய அளவில் பவளங்கள் வெளிறின. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்க நான்காவது முறையாகப் பெரும் வெளிறுதல் நடப்பதாக அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான 'நோவா' அறிவித்தது.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளை மறுநடவு செய்து வருகிறது. கல் பவளங்களில் பல வகைகள் ஆண்டுக்கு ஒருசில சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு கைப்பிடித் துண்டை உடைத்தால், அது திரும்ப வளரப் பல வருஷம் ஆகும்.

தொட்டியில் விளக்கைக் குறைக்க ஒரு பட்டன் போதும். கடலுக்கு அப்படி ஒரு பட்டன் கிடையாது. அங்கே நாம் செய்யக்கூடியது, ஏற்கெனவே சூட்டில் தவிக்கும் பவளத்தை உடைக்காமல் விடுவதுதான்.