உபாத்தியாயரும் கணக்குப்பிள்ளையும்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானதும் பள்ளிக்கூடங்களில் ஒரு பாகப் பிரிவினை நடைபெறுகிறது. நிறைய மார்க் வாங்கியவன் விஞ்ஞானப் பிரிவுக்கு. குறைவாக வாங்கியவன் வணிகவியலுக்கு! "உனக்குக் கணக்குப் பதிவுதான் சரி" என்று உபாத்தியாயர் ஆறுதலாகச் சொல்லும் வார்த்தையே பையனுக்குத் தண்டனையாகி விடுகிறது.

உபாத்தியாயர்களைக் குறை கூற நாம் வரவில்லை. அவர்களில் பலருடைய மனக்கண் முன் நிற்பவர், பேரேட்டின்மேல் நாளெல்லாம் குனிந்திருக்கும் மண்டிக் கணக்குப்பிள்ளை. கூட்டல் கழித்தலையோ இன்று இயந்திரமே செய்துவிடுகிறது. எழுதிய கணக்கு மெய்யா, பொய்யா என்று கண்டறிந்து, அதை முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்வதுதான் மனிதனுக்கு எஞ்சியிருக்கும் வேலை. அதற்குக் கூரிய புத்தியும் நெஞ்சுரமும் வேண்டாமா?

சென்னையில் வாழ்ந்த ஆர். சிவபோகம் அம்மையார் தேச விடுதலைக்காகச் சிறை சென்றவர். 1933-ஆம் வருஷம் கணக்கியல் டிப்ளமா பரீட்சையில் தேறி, இத்துறையில் இந்தியாவின் முதல் பெண்மணி என்று பெயர் பெற்றார். மந்த புத்திக்காரர் ஒதுங்கும் சத்திரமா இது?

1949-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சார்ட்டர்டு அக்கவுண்டண்டுகளுக்கென்று தனி ஸ்தாபனம் ஏற்பட்டது. அதன் இறுதிப் பரீட்சையை எழுதுவோரில் சிறு பகுதியினரே தேறுகிறார்கள். அவ்வளவு கடினமான வழிக்குத்தான், தயாரில்லாத பிள்ளைகளை நாம் தள்ளிவிடுகிறோம்!

உல்லாசப் பயணத்துக்கு வசூலான பணத்தில் மிஞ்சிய ஐந்து ரூபாயைத் தேடி வந்து ஒப்படைக்கும் பையன் வகுப்பில் ஒருவனாவது இருப்பான். அவன் எத்தனை மார்க் வாங்கியிருந்தாலும் சரி, உபாத்தியாயர் அவனிடம் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசட்டும்.