தானியங்கி விசைப் பெட்டிக்கு ஒரு காவல்
இறவைக் கிணற்று மோட்டாரைத் தானே ஓட்டி நிறுத்தும் விசைப் பெட்டிகள் சில, காரணம் புலப்படாமலே பழுதடைகின்றன. பெட்டியினுள் பெரும்பாலும் 12 வோல்ட் ரிலே ஒன்றுண்டு. அதன் கம்பிச் சுருளில் மின்சாரம் திடீரென நிற்குங்கால், தேங்கிய காந்த சக்தி 100 வோல்ட்டுக்கு மேலும் எழும்பி, ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டரைக் கெடுக்கவல்லது.

இதற்குப் பரிகாரம் எளிது. ஒரே திசையில் மின்சாரத்தை விடும் 1என்4007 டயோடு ஒன்றைச் சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே இணைத்தால், அச்சக்தி சுருளுக்குள்ளேயே சுழன்று அடங்கும். டயோடின் கோடிட்ட முனை நேர்மின் பக்கம் இருத்தல் அவசியம். மாற்றி இணைப்பின் டிரான்சிஸ்டருக்கே சேதம் விளையும். மாறுதிசை மின்சாரத்தில் இயங்கும் காண்டாக்டர் சுருளுக்கு டயோடு ஆகாது. மின்தடையும் கண்டென்ஸரும் தொடராகச் சேர்ந்த அமைப்பே ஏற்றது.

மெயின் ஸ்விட்சை நிறுத்தாமல் பெட்டியைத் திறத்தல் கூடாது. சில ரூபாயில் அடங்கும் இச்சிறு பொருள், பயிர் வாடும் வேளையில் இறவை தடைப்படாமல் காக்கும்.