பற்றீரியாவின் உலையில் மனிதப் புரதம்

முந்தலை அடுத்த உடப்புக் கடற்கரையில் அம்பாப் பாட்டோடு கரைவலை இழுப்போரின் கைகளுக்கு வலு எங்கிருந்து வருகிறது என்று மாணவர் ஒருவரைக் கேட்டால், "உண்ட சோற்றிலிருந்து" என்பார். விடை தவறன்று; ஆயினும் பாதி விடையே. தசைக் கலங்களினுள் இழைமணி எனப்படும் நுண்ணிய உறுப்புக்களில் அவ்வுணவு பிராணவாயுவோடு கூடிய பின்னரே உழைப்புக்கு வேண்டிய சக்தியிற் பெரும்பகுதி பிறக்கிறது.

இவ்விழைமணிகள், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வேறொரு கலத்தினுட் குடிபுகுந்த பற்றீரியாவின் வழித்தோன்றல்கள் என்பது அறிஞர் துணிபு. இன்றும் இவற்றுக்குச் சொந்தமாக டி.என்.ஏ. உண்டு. அதிலுள்ள 16,569 எழுத்துக்களையும் 1981இல் கேம்பிரிட்ஜில் சாங்கர் குழுவினர் படித்து முடித்தனர். அதே நகரில், சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் குழுவினர், மனித இழைமணிக்குள் புரதங் கட்டும் றைபோசோமின் அமைப்பை 2015இல் வெளியிட்டனர். எனினும் அங்கே கட்டப்படுபவை 13 புரதங்களே. ஏனைய ஆயிரத்துக்கு மேற்பட்டவை கலக்கருவின் கட்டளைப்படி வெளியே ஆக்கப்பட்டு உள்ளே அனுப்பப்படுவன.

அவற்றுள் ஒன்று பிராற்றக்சின். இரும்பையும் கந்தகத்தையும் சிறு கொத்துக்களாக இணைக்கும் பணிக்குத் துணைநிற்பது. அக்கொத்துக்கள் குறைந்தால் சக்தி பிறப்பதும் குறையும். 1863இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகர மருத்துவர் நிக்கொலாஸ் பிரீட்ரைக் ஒரு நோயை விவரித்தார். ஓடியாடித் திரிந்த பிள்ளை, பெரும்பாலும் 10 முதல் 15 வயதுக்குள், நடையிலே தள்ளாடத் தொடங்குகிறது; பின்னர் நாக் குழறுகிறது; நாளடைவில் இருதயமும் பழுதுறுகிறது. காரணம் 1996இற்றான் வெளிப்பட்டது. ஒன்பதாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரை அலகில் மூன்றெழுத்துத் தொடரொன்று நூற்றுக்கணக்கான தடவை வீணே மீண்டும் மீண்டும் வருவதால், பிராற்றக்சின் போதிய அளவு உண்டாவதில்லை.

தாயும் தந்தையும் பழுதான அலகு ஒவ்வொன்றைத் தாங்கியும் நோயின்றி வாழலாம். அவர்கள் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்போ நான்கில் ஒன்று. மச்சான் மச்சாள் உறவிலே மணம் பேசும் நம்மவர் இக்கணக்கை அறிந்திருத்தல் நலம். பிள்ளை நோயுற்றதும் மருமகளை மட்டும் பழிக்கும் மாமியாருக்கு, இங்கே தம் மகனின் பங்கும் சரிபாதி என்பதை யாரேனும் எடுத்துரைத்தல் வேண்டும்.

நோயை ஆராய அப்புரதம் தூய்மையாகக் கைக்கு வரவேண்டுமன்றோ? அதற்காக, மனித அலகின் பிரதியை வளைய வடிவான டி.என்.ஏ. ஒன்றில் ஒட்டி ஈ. கோலை என்னும் பற்றீரியாவினுட் புகுத்துகின்றனர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம் உடலிற் பிராற்றக்சின் 210 அமினோ அமிலங்களின் சங்கிலியாகப் பிறக்கிறது. அதன் முற்பகுதி இழைமணிக்குச் செல்லும் முகவரி போன்றது. உள்ளே சேர்ந்ததும் நொதியங்கள் அதனை வெட்டி எறிகின்றன. பற்றீரியாவில் அந்தக் கத்தரிக்கோல் இல்லை. ஆதலால் ஆய்வாளர் பெரும்பாலும் முகவரியை நீக்கிவிட்டு, 81ஆம் அமினோ அமிலத்திலிருந்தே எழுதி அனுப்புகின்றனர். ஹிஸ்ரிடீன் ஆறு கொண்ட வாலொன்றையும் பூட்டுவது வழக்கம். பற்றீரியாவை உடைத்த சாற்றை நிக்கல் ஏற்றிய மணிகளினூடே விட்டால், வாலுள்ள புரதம் பற்றிக்கொள்ள, ஏனையவற்றிற் பெரும்பாலானவை ஒழுகிப்போகும். வியப்பு யாதெனில், ஈ. கோலையிடமும் பிராற்றக்சினை ஒத்த புரதமொன்று உண்டு. விருந்தாளி வந்திருப்பது தூரத்து உறவினர் வீட்டுக்கே!

இவ்வாறு பெற்ற புரதத்தைக் கொண்டு, இரும்பு எவ்வாறு பற்றுகிறது, பழுதான வடிவம் எங்கே குலைகிறது என்பவற்றைச் சோதனைக் குழாயிலே காண்கின்றனர். நோயாளரிடம் அப்புரதம் எவ்வளவு உண்டு என அளக்கும் முறைகளுக்கு அளவுகோலாகவும் கொள்கின்றனர். ஆனால் குப்பியின் மேல் "ஆராய்ச்சிக்கு மாத்திரம்" என்றே அச்சிட்டிருக்கும். பற்றீரியாவின் நச்சுப்பொருள் அதில் எஞ்சியிருக்கக்கூடும். 1978இல் இதே வழியிற் பற்றீரியாவில் ஆக்கப்பட்ட மனித இன்சுலின் 1982இல் மருந்தாயிற்றே என மாணவர் கேட்கலாம். இன்சுலின் கலத்தின் வெளிப்புறத்தைத் தொட்டே தன் செய்தியைச் சொல்லிவிடும். பிராற்றக்சினோ கலத்தின் சவ்வையும் இழைமணியின் இரு சவ்வுகளையும் கடந்தாக வேண்டும். கலத்துட் புகவல்ல சிறு துண்டொன்றை முன்னே ஒட்டிய வடிவம் நோயாளரிடம் சோதிக்கப்பட்டுள்ளது. 2023இல் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒமாவெலொக்சோலோன் வேறு வகை மருந்து. அது நோயின் நடையைத் தளர்த்துமேயன்றி, குறைந்த புரதத்தை ஈடுசெய்வதன்று.