முதுமையே திருநாமமான முதுகுன்றத்து இறைவன்

விருத்தாசலத்திற்கு முதன்முறையாக வரும் அடியார்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மலை எங்கே?" ஊரின் பெயரில் மலை இருக்கிறது, இறைவனின் திருநாமத்தில் மலை இருக்கிறது, தேவாரம் பாடிய மூவரும் இத்தலத்தைக் குன்றம் என்றே போற்றினர். ஆயினும், கண்ணுக்குத் தெரிவதோ சமவெளியில் உயர்ந்து நிற்கும் கோபுரங்களும், அருகே மணிமுத்தாறும் மட்டுமே.

'விருத்தம்' என்றால் பழமை. 'அசலம்' என்றால் மலை. திருமுதுகுன்றம், பழமலை என்னும் தமிழ்ப் பெயர்களுக்கும் அதுவே பொருள். பிரமன் படைப்புத் தொழிலைத் தொடங்கியபோது, மற்ற மலைகள் தோன்றுவதற்கு முன்பே சிவபெருமான் தாமே ஒரு மலையாகி இங்கு நின்றார் என்பது தலபுராணம். பின்னர் மலைகளைப் படைத்த பிரமன், அவற்றை நிறுத்த இடம் காணாமல் மயங்கினான். முன்னரே நின்ற மலை இறைவனே என்பதை உணர்ந்து வணங்கினான். அந்த மலை இன்று நிலத்துள் அழுந்தியிருக்கிறது என்பது ஐதீகம். ஆதலால் இக்கோயிலில் காலடி வைப்பவர் மலைமேலேயே நிற்கிறார் என்று பெரியோர் கூறுவர்.

கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்று விளங்கும் இவ்வூர், நடுநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் இருபத்திரண்டில் ஒன்று. இறைவன் விருத்தகிரீசுவரர், தமிழில் பழமலைநாதர். இறைவி விருத்தாம்பிகை, தமிழில் பெரியநாயகி. தலமரம் வன்னி. திருஞானசம்பந்தர் மட்டும் இத்தலத்தின்மீது ஏழு பதிகங்கள் பாடியுள்ளார்.

பாடாமல் சென்ற தம்பிரான் தோழர்

இத்தலத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு ஒன்று, முதுமை எய்திய அடியார்கள் கேட்டு மகிழத் தக்கது. சுந்தரமூர்த்தி நாயனார் இவ்வழியே வந்தபோது, "ஊரும் பழையது; இறைவனும் முதியவர்; இறைவியும் முதியவள். இவர்களைப் பாடி என்ன பெறப் போகிறோம்?" என்று எண்ணிப் பாடாமலே கடந்து சென்றாராம். தோழரின் குறும்பை அறிந்த ஈசன் முருகப் பெருமானை அனுப்பினார். முருகன் வேடுவனாக வந்து சுந்தரரிடம் இருந்த பொருளையெல்லாம் பறித்துக்கொண்டான். "உன் பொருள் வேண்டுமானால் முதுகுன்றத்துக்கு வந்து பெற்றுக்கொள்" என்றான். சுந்தரர் திரும்பி வந்தார். முதியவர் என்று தாம் எண்ணிய பெருமானின் திருமுன் நின்று மனம் உருகினார்.

அவ்வாறு வழிமறித்த முருகனே அருகிலுள்ள மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பராக எழுந்தருளியிருக்கிறான். அங்கே அவனுக்கு உருவத் திருமேனி இல்லை. அருவுருவமாகக் கல் வடிவிலேயே வழிபடப்படுகிறான். தங்கள் குறைகளைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வரும் 'பிராது கட்டுதல்' என்னும் வழக்கம் அங்கு இன்றும் உள்ளது. சுந்தரர்மீது தந்தை கொண்டுவந்த வழக்கைத் தீர்த்து வைத்தவனிடம், பிள்ளைகளும் தங்கள் வழக்கைக் கொண்டுசெல்கிறார்கள்.

ஆற்றில் இட்டது, குளத்தில் கிடைத்தது

இதன் பின்னர் நிகழ்ந்த அற்புதத்தைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். முதுகுன்றத்து இறைவன் சுந்தரருக்கு 12,000 பொன் அளித்தார். அத்தனை பொன்னையும் திருவாரூர் வரை சுமந்து செல்வது எங்ஙனம்? "இப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்க" என்று இறைவனின் அருள்வாக்கு எழுந்தது.

சுந்தரர் அவ்வாறே செய்தார். ஆனால் ஒரு சிறு முன்னெச்சரிக்கையும் மேற்கொண்டார். பொன்னின் தரத்தைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதில் சிறிது வெட்டி மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொண்டார். பொற்கொல்லர் வழக்கில் இதனை 'மச்சம்' என்பர்.

திருவாரூரில் பரவையாருடன் குளக்கரைக்குச் சென்று பொன்னைத் தேடினார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறாரே என்று பரவையார் நகைத்தார். சுந்தரரோ ஆரூரில் நின்றபடியே முதுகுன்றத்து இறைவனை அழைத்துப் பதிகம் பாட, பொன் வெளிப்பட்டது. மச்சத்தோடு வைத்துப் பார்த்தால் அதன் மாற்று குறைந்திருந்தது. மீண்டும் பாடினார், மாற்றும் நிறைந்தது. அந்தப் பொன்னை உரைத்துக் காட்டியவர் விநாயகப் பெருமான் என்பது ஐதீகம். மாற்றுரைத்த பிள்ளையார் என்ற திருநாமம் திருவாரூரிலும் முதுகுன்றத்திலும் இன்றும் வழங்குகிறது.

உலக வழக்கில் 'ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது' என்பது பேதைமையைக் குறிக்கும் பழமொழி. முதுகுன்றத்து அடியார்க்கோ அது நம்பிக்கையின் மறுபெயர். செய்த தருமம், வளர்த்த பிள்ளைகள், சொல்லிய நற்சொல் ஆகியவற்றை எங்கோ ஓடும் ஆற்றில் இட்டுவிட்டதாக எண்ணிக் கலங்கும் நெஞ்சங்களுக்கு இவ்வரலாறு ஆறுதல் தருவது. இறைவன் கணக்கில் எதுவும் தொலைவதில்லை, மாற்றும் குறைவதில்லை.

கிழவியாக வந்த அன்னை

திருவண்ணாமலையில் வாழ்ந்த குகை நமசிவாயரின் சீடர் குரு நமசிவாயர். குருவின் ஆணைப்படி தில்லைக்குச் செல்லும் வழியில் ஓரிரவு முதுகுன்றத்தில் தங்கினார். பசி வாட்டியது. செல்லும் தலங்களிலெல்லாம் அன்னையைப் பாடி அமுது பெறுவது அவர் வழக்கம். பெரியநாயகியை நினைத்து, கிழவி என்னும் பொருள்பட வெண்பா ஒன்றைப் பாடிச் சோறு கேட்டார்.

அம்பிகை தடி ஊன்றிய மூதாட்டியாக அவர்முன் தோன்றினாள். "என்னைக் கிழவி என்று பாடினாயே! கிழவியால் நடந்து வந்து சோறு கொண்டுவர இயலுமா?" என்று வினவினாள். தம் பிழையை உணர்ந்த நமசிவாயர், அன்னையை இளமை நலம் பொலியப் பாடினார். அவள் இளநங்கையாக வந்து அமுது படைத்தாள். அந்த அன்னையே பாலாம்பிகையாக, இளையநாயகியாகத் தனிச் சந்நிதியில் அருள்பாலிக்கிறாள்.

இவ்வரலாற்றைக் கேட்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இளையநாயகி எழுந்தருளியதால் பெரியநாயகி நீங்கிவிடவில்லை. ஒரே கோயிலில் முதுமையும் இளமையும் அருகருகே தனித்தனிச் சந்நிதிகளில் பூசை கொள்கின்றன. இரண்டும் ஒரே அன்னையின் கோலங்களே. கிழவியாக வந்தபோதும் அவள் தாய்தான். மகனின் பசியறிந்து முதலில் ஓடி வந்தது அந்த முதிய திருவுருவமே அல்லவா?

உழைப்பின் அளவே பொன்

விபசித்து முனிவர் இக்கோயிலில் திருப்பணி செய்தபோது, வேலையாட்களுக்குக் கூலி கொடுக்க அவரிடம் பொருள் இல்லை. தலமரமான வன்னியின் இலைகளைப் பறித்து அவர்களிடம் கொடுத்தார். ஒவ்வொருவரும் எவ்வளவு உழைத்தார்களோ அவ்வளவுக்கு அந்த இலைகள் பொன்னாக மாறின என்கிறது தலபுராணம். மாசிப் பெருவிழாவின் ஆறாம் நாளில் முனிவருக்கு இறைவன் காட்சியருளும் நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது.

வரலாற்றில் இக்கோயிலின் திருப்பணிக்கு உரிய பெயர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் தேவியாகிய அவ்வம்மையார் கணவரை இழந்த பின்னர், தம் நெடிய வாழ்நாளைச் சிவாலயங்களைக் கற்றளிகளாக எடுப்பிப்பதிலேயே செலவிட்டார். மகன் உத்தம சோழன் ஆண்ட பத்தாம் நூற்றாண்டில் விருத்தாசலம் கோயில் அவரால் கற்றளியாயிற்று. கோனேரிராசபுரம், ஆடுதுறை, திருக்கோடிக்கா முதலிய தலங்களிலும் அவருடைய திருப்பணி உண்டு. பேரன் முறையினனான முதலாம் இராசராசன் அரியணை ஏறிய பின்னரும் அவர் தொண்டு தொடர்ந்தது. இல்லற வாழ்வு முடிந்தது என்று உலகம் கருதும் பருவத்தில்தான் அப்பெருமாட்டியின் பெரும்பணி தொடங்கியது. பழமலைநாதரின் கருவறை முன் நிற்கும்போது அவரையும் ஒரு கணம் நினைந்து வணங்குதல் நன்றிக்கடன்.

ஐந்தும், இருபத்தெட்டும்

திருவைந்தெழுத்தின் எண்ணிக்கை இக்கோயில் முழுவதும் பரவியிருக்கிறது. கோபுரங்கள் ஐந்து, பிராகாரங்கள் ஐந்து, கொடிமரங்கள் ஐந்து, தீர்த்தங்கள் ஐந்து, தேர்கள் ஐந்து, விநாயகரும் ஐவர். அவர்களுள் ஆழத்துப் பிள்ளையார் சிறப்புக்குரியவர். நிலமட்டத்திற்குக் கீழே, படியிறங்கிச் சென்று வணங்கும் வகையில் அவர் சந்நிதி அமைந்துள்ளது. விநாயகரின் அறுபடை வீடுகளுள் இதனையும் ஒன்றாகப் போற்றுவர்.

சைவ ஆகமங்கள் இருபத்தெட்டின் பெயரால் இருபத்தெட்டு இலிங்கங்களும் இங்கு உள்ளன. முருகப் பெருமான் அவற்றை நிறுவி வழிபட்டதாக ஐதீகம். காமிகம் முதல் வாதுளம் ஈறாக ஆகமங்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் இலிங்கத் திருமேனிகளாக வணங்கும் பேறு வேறெங்கும் எளிதில் வாய்ப்பதன்று.

காசியினும் வீசம் கூடுதல்

இத்தலத்திற்கு விருத்தகாசி என்னும் பெயரும் உண்டு. 'காசியைவிட வீசம் கூடுதல்' என்பர். பதினாறில் ஒரு பங்கு வீசம். இத்தலத்தில் உயிர் பிரியும் அடியாரின் தலையை இறைவன் தம் மடியில் ஏந்தி, செவியில் ஐந்தெழுத்தை ஓதுகிறார். பெரியநாயகி தன் முந்தானையால் விசிறி அவர் இளைப்பைப் போக்குகிறாள் என்று தலபுராணம் கூறுகிறது.

காசி யாத்திரையை வாழ்நாளெல்லாம் எண்ணி, உடல் தளர்ந்த பின் இனி இயலாது என்று ஏங்கும் பெரியோர் பலர். அவர்களுக்காகவே வீசம் கூட்டி அளந்து வைத்திருக்கிறார் பழமலைநாதர். தாயின் முந்தானைக் காற்றுக்கு வயது வரம்பு இல்லை. எண்பது வயதினரும் அவளுக்குக் குழந்தைகளே.

விருத்தாசலம், சென்னை - திருச்சி இருப்புப்பாதையில் விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையே உள்ள சந்திப்பு நிலையம். சிதம்பரம், உளுந்தூர்பேட்டை, கடலூர் ஆகிய ஊர்களிலிருந்து பேருந்து வசதி உண்டு. மாசி மகப் பெருவிழாவும் அம்பிகைக்குரிய ஆடிப்பூர விழாவும் சிறப்பானவை. பிராகாரங்கள் விரிந்தவை, ஆழத்துப் பிள்ளையாரிடம் படியிறங்கிச் செல்ல வேண்டும். ஆதலால் முதியோர் வீட்டார் ஒருவர் துணையுடன், வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே வருவது நலம்.

துணைக்கு வரும் பேரப்பிள்ளை, "மலை எங்கே தாத்தா?" என்று கேட்கக்கூடும். "நாம் நிற்பதே மலைதான்" என்று சொல்லி, அந்தக் கையைப் பற்றிக்கொண்டு பழமலைநாதரின் சந்நிதிக்கு நடக்கலாம்.