சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

உத்திரமேரூரின் நடுவே நிற்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலின் மண்டபச் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டையும், மற்றது 921-ஆம் ஆண்டையும் சேர்ந்தது. குடவோலைத் தேர்தலுக்காகவே உலகோர் அவற்றைப் போற்றுகின்றனர். ஆனால், அண்மையில் அச்சுவரின் முன் நின்றபோது நம் உள்ளத்தைத் தொட்டது வேறொரு செய்தி. அவ்வூர்ச் சபையார் தம் கைகளைத் தாமே கட்டிக்கொண்டனர் என்பதே அது.

வாரியத்தில் பணியாற்றியவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கிய பின், அவற்றை எடுப்பவரோ பெரியவர் அல்லர். ஏதும் அறியாச் சிறுவன். பதவியாசை தலைக்கேறிய பின்னர் விதி செய்ய இயலாது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர் போலும். அதனால் மனம் தெளிவாயிருந்தபோதே விதியைச் செய்து, எவரும் எளிதில் அழிக்க இயலாதவாறு கல்லில் வெட்டி, இறுதிச் செயலையும் தம் கையில் வைத்துக்கொள்ளாது ஒரு குழந்தையிடம் ஒப்படைத்தனர். (அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய ஒரு சாராரின் சபை, உழைப்பாளிகட்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

கைபேசியைப் பற்றி எழுத வந்தவர் கல்வெட்டில் இறங்கிவிட்டாரே என்று வாசகர் எண்ணலாம். காரணம் உண்டு.

சில திங்களுக்கு முன் ஒரு மாலை, நம் அன்னையார் நம் அருகே அமர்ந்து பழங்கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெருமழைக் காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தபோது, நம் பாட்டனார் இரவெல்லாம் கரையைக் காவல் காத்த கதை. நாமோ 'உம்' கொட்டியவாறே கைபேசியில் ஓடும் சிறு காணொளிகளைத் தள்ளிக்கொண்டிருந்தோம். கதை நின்றுபோனதைக்கூட நாம் உடனே உணரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அன்னையார் எழுந்து நின்றிருந்தார். "நீ பாருப்பா. நான் காலையில சொல்றேன்" என்று கூறிவிட்டுப் படுக்கச் சென்றார். அவர் குரலில் கோபமில்லை. கோபமிருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவே உறுதி பூண்டோம். மூன்றாம் நாள் அவ்வுறுதி காற்றில் பறந்தது.

மன உறுதி குறைந்தவன் என்று நம்மையே நாம் இகழ்ந்துகொள்வது எளிது. ஆயினும் எதிரே நிற்பது எத்தகைய பொறி என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நம் பக்கத்து ஊர்களில் விடிய விடிய நிகழும் பாரதக் கூத்தும் பொழுது புலர்ந்தால் முடிந்துவிடும். கைபேசித் திரைக்கு மட்டும் முடிவில்லை. கீழே தள்ளத் தள்ள மேலும் மேலும் வந்துகொண்டேயிருக்கும் அமைப்பை 2006-ஆம் ஆண்டில் வகுத்தவர் ஏசா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர். பக்கம் புரட்டும் சிறு தொல்லையைப் போக்கவே அவர் அதனைச் செய்தார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். 'போதும்' என்று மனம் சொல்வதற்கு ஒரு நிறுத்தம் தேவை. அந்நிறுத்தமே அங்குப் பறிக்கப்பட்டுவிட்டது.

அப்படியாயின் கருவியைத் தூக்கி எறிந்துவிடலாமே என்பார் சிலர். நாமும் எண்ணிப் பார்த்தோம். சமையல் எரிவாயு உருளைக்குப் பதிவு செய்ய அது வேண்டும். வங்கி அனுப்பும் இரகசிய எண் அதில்தான் வரும். நெல்லைக் களத்தில் பரப்பியிருக்கையில் மழை வருமா என்பதையும் இன்று உழவர் அதில்தான் பார்க்கின்றனர். ஏரி வேண்டும், அதில் மதகும் வேண்டும் என்பதே இதன் நிலை. திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து, மூட வேண்டிய நேரத்தில் மூடுவதற்கு ஒரு பலகை தேவை.

அப்பலகையைக் கணினி வல்லுநர்கள் பல ஆண்டுகளுக்கு முன்னரே செய்துவிட்டனர். அவர்களும் நம்மைப் போலத் தோற்றவர்களே என்பதுதான் இதில் சுவையான செய்தி. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஃபிரெட் ஸ்டட்ஸ்மன் என்பவர் 'ஃபிரீடம்' என்னும் மென்பொருளை எழுதினார். எத்தனை நிமிடம் இணையம் வேண்டா என்று குறித்துவிட்டால், எட்டு மணி நேரம்வரை அது அந்நாளில் கணினியின் இணைய வாயிலை அடைத்துவிட்டது. இடையில் மனம் மாறினால் கணினியையே அணைத்து மீண்டும் முடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டில் வந்த 'செல்ஃப் கண்ட்ரோல்' இன்னும் கண்டிப்பானது. சார்லி ஸ்டிக்லர், ஸ்டீவ் லாம்பர்ட் முதலியோர் ஆக்கி இலவசமாக வழங்கிய இம்மென்பொருளில், தடுக்க வேண்டிய தளங்களையும் நேரத்தையும் குறித்துப் பொத்தானை அழுத்திவிட்டால் திரும்பும் வழியில்லை. கணினியை அணைத்துப் போட்டாலும், அம்மென்பொருளையே நீக்கினாலும், குறித்த நேரம் முடியும்வரை கதவு திறவாது.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? ஒவ்வொரு கணினியிலும் தளங்களின் முகவரிகளைக் குறிக்கும் சிறிய ஏடு ஒன்று உண்டு. தடுக்கப்பட்ட தளத்தின் பெயருக்கு எதிரே, கணினியின் சொந்த முகவரியையே மென்பொருள் எழுதிவிடுகிறது. நாம் அனுப்பும் கடிதத்தைத் தபால்காரர் நம் வீட்டு வாயிலிலேயே கொண்டுவந்து போட்டால் எப்படியோ, அப்படி. தளம் எங்கோ இயங்கிக்கொண்டுதான் இருக்கும். நமக்கு மட்டும் வழி தெரியாது.

எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களும் இவற்றை நாடினர். ஆங்கில நாவலாசிரியை ஜேடி ஸ்மித், 2012-இல் வெளிவந்த தம் நாவலின் நன்றியுரையில், தமக்கு எழுத நேரம் அமைத்துக் கொடுத்தவை என்று இவ்விரு மென்பொருள்களையும் குறிப்பிட்டார். நண்பர்க்கும் உற்றார்க்கும் நன்றி கூறும் இடத்தில் ஒரு பூட்டுக்கும் நன்றி!

நம்மவர் பெரும்பாலோரிடம் கணினி இல்லை, கைபேசிதான் உண்டு. 2018-ஆம் ஆண்டு முதல் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதியும், ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதியும் வந்துள்ளன. அமைப்புகளுக்குள் சென்று தேடினால் முதலில் தெரிவது, இன்று எத்தனை மணி நேரம் எந்தச் செயலியில் கழிந்தது என்னும் கணக்கு. நாம் அதனைப் பார்த்த நாளில், அந்த எண்ணை இல்லத்தில் எவரிடமும் சொல்லவில்லை. ஒரு செயலிக்கு நாளொன்றுக்கு அரை மணி என்று வரையறுத்தால், அந்நேரம் கழிந்ததும் அது மூடிக்கொள்ளும். இரவில் திரையின் வண்ணங்களை நீக்கிச் சாம்பல் நிறமாக்கவும் வழியுண்டு. வண்ணம் போனதும் காணொளிகளின் கவர்ச்சி பாதியாகிவிடுவதை நாமே கண்டோம்.

ஆனால், பூட்டியவன் கையிலேயே சாவியும் இருந்தால் அது பூட்டாகுமா? எல்லையை வகுத்த நாமே அமைப்புகளுக்குள் சென்று எல்லையை நீட்டினோம். முதலில் பத்து நிமிடம், பிறகு பத்து, பிறகு 'இன்று ஒரு நாள் மட்டும்'. ஒரு வாரத்தில், எல்லையை நீட்டுவதில் நம் விரல் தேர்ச்சி பெற்றுவிட்டது.

அப்போதுதான் குடத்தில் கைவிடும் அச்சிறுவன் நினைவுக்கு வந்தான். கடவுச்சொல் இட்டுப் பூட்டும் வசதியுள்ள செயலி ஒன்றை நிறுவி, கைபேசியை நம் இல்லத்தரசியாரிடம் கொடுத்தோம். "நான்கு எண்களை நீயே இட்டுக்கொள். நான் கேட்டாலும் கொடுக்காதே" என்றோம். (இத்தகைய செயலிகள் திரையில் நிகழ்வன யாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கும். எனவே யார் செய்தது என்று தெரியாத எதையும் நிறுவுதல் கூடாது.) மாலை ஆறு முதல் ஒன்பது வரை காணொளிகளும் வாட்ஸ்அப்பும் அடைபட்டன, தொலைபேசி அழைப்பு மட்டும் வரும். நான்காம் நாளே நாம் சென்று நின்றோம். "ஒரே ஒரு செய்திதான் பாக்கணும்" என்று கெஞ்சினோம். "நீங்கதானேங்க குடுக்காதேன்னு சொன்னீங்க? குடுக்க மாட்டேன்" என்று அவர் கீரையை ஆய்ந்துகொண்டே சொல்லிவிட்டார். ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு இது சற்றே நாணம் தரும் நிலைதான். ஆயினும் அம்மறுப்பை எந்த மென்பொருளும் தந்திராது.

ஒரு வீட்டுக்கு ஒருவர் சாவி வைத்திருக்கலாம், ஓர் ஊருக்கு? மகாராட்டிர மாநிலம் சாங்கிலி மாவட்டத்தில் மொஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு சிற்றூர். கொரோனாக் காலத்து இணைய வகுப்புகளுக்காகக் கைபேசி பெற்ற பிள்ளைகள், பள்ளி திறந்த பின்னும் அதனைக் கீழே வைக்கவில்லை. 2022 ஆகஸ்டு 14 அன்று ஊர் கூடி முடிவெடுத்தது. மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஊதும். உடனே வீடுகளில் தொலைக்காட்சியும் கைபேசியும் அணைக்கப்படும். எட்டரைக்கு மறுபடியும் ஊதும்வரை படிப்பும் பேச்சும்தான். தொடக்கத்தில் ஆசிரியர்களும் பஞ்சாயத்தாரும் வீடு வீடாகச் சென்று எடுத்துரைத்தனர். அங்கே எந்தச் செயலியும் இல்லை. பக்கத்து வீட்டுத் திரையும் இருண்டிருக்கிறது என்ற அறிவே அவ்வூருக்குப் பூட்டாக அமைந்தது. பிள்ளைகளின் கைபேசியை மட்டும் பறித்துக்கொண்டு பெரியவர்கள் தம் கைபேசியை வைத்துக்கொள்ளவில்லை என்பதை இங்குள்ள பெற்றோர் கவனித்தல் நன்று.

பூட்டினால் தீராத நிலையும் உண்டு. உறக்கம், உணவு, வேலை யாவும் கெட்டு, விட முயன்றால் நடுக்கமும் சினமும் எழுமாயின், அங்கு வேண்டியது மருத்துவம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2014 முதல் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்கி வருகிறது. கூச்சப்பட வேண்டியதில்லை.

நம் கதைக்கு வருவோம். பூட்டிய மூன்றாம் வாரம் ஒரு தவறு நேர்ந்தது. உறவினர் ஒருவர் இறந்த செய்தியை எவரோ வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பியிருக்க, நாம் இரவு ஒன்பதரைக்குத்தான் கண்டோம். கடைசிப் பேருந்து போய்விட்டது. பூட்டையே எடுத்தெறிந்துவிட வேண்டும் என்ற சினம் அன்றிரவு எழுந்தது. ஆனால், 919-ஆம் ஆண்டு விதியில் குறை கண்ட உத்திரமேரூரார் விதியை எறியவில்லை. 921-இல் கூடி அதனைத் திருத்தினர். முப்பது முதல் அறுபது என்றிருந்த வயது வரம்பு முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாறியது அவ்வாறுதான். நாமும் ஞாயிறு நண்பகல் உணவுக்குப் பின், மனம் ஆறிய வேளையில், இல்லத்தரசியாரோடு அமர்ந்து திருத்தம் செய்தோம். ஏழரை மணிக்குப் பத்து நிமிடம் வாட்ஸ்அப் திறக்கும். காணொளிகளுக்கு ஒன்பது மணிதான். உறவினர் அனைவருக்கும், அவசரமாயின் அழையுங்கள், எழுதாதீர்கள் என்று சொல்லி வைத்தோம்.

ஏரிக்கரைக் கதையை அன்னையார் சென்ற வாரம் முடித்தார். பாட்டனாரோடு அன்றிரவு காவலுக்குச் சென்றவர்களுள், பன்னிரண்டு வயதுச் சிறுமியாக, கையில் அரிக்கேன் விளக்கோடு அவரும் இருந்தார் என்பதை நாம் அப்போதுதான் அறிந்தோம்.