குஞ்சு கொடுத்தால் போதுமா?

ஒரு கோழி முட்டையை அவித்துத் தின்றால் அது நுகர்வு. அதே முட்டையை அடைவைத்தால் அது முதலீடு. கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், நுகர்வுக்கும் முதலீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நான் பலமுறை பயன்படுத்திய எடுத்துக்காட்டு இது. ஓய்வுபெற்றபின் வீட்டுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகளை வளர்த்து வருகிறேன். அந்த எடுத்துக்காட்டுக்கு ஒரு தொடர்ச்சி உண்டு என்பதை இப்போது அன்றாடம் காண்கிறேன். அடைவைத்த முட்டை குஞ்சாகி, அந்தக் குஞ்சு முதல் எட்டு வாரங்களைக் கடந்தால்தான் முதலீடு முதலீடாக நிற்கும்.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள கோழியினங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 85 கோடி. அவற்றில் புறக்கடையில் வளர்பவை சுமார் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் புறக்கடைக் கோழிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 46 விழுக்காடு உயர்ந்திருக்கிறது. சுமார் 12 கோடி கோழியினங்களுடன் மாநிலங்களில் முதலிடத்தில் இருப்பது தமிழகம். நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளும் பல்லடத்தின் கறிக்கோழிப் பண்ணைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கப்படும் கோழிகளின் பொருளாதாரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்தப் பொருளாதாரத்துக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. அவசரமாக ஐந்நூறு ரூபாய் தேவைப்படும்போது மாட்டின் ஒரு காலை மட்டும் விற்க முடியாது. ஒரு கோழியை விற்கலாம். நிலமில்லாதவர்களும் கோழி வளர்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கோழி விற்ற காசு பெரும்பாலும் பெண்களின் கையிலேயே தங்குகிறது. பள்ளி திறக்கும் மாதத்தில் நோட்டுப் புத்தகத்துக்கும், காய்ச்சல் கண்ட பிள்ளையின் மருந்துக்கும் அதிலிருந்தே பணம் வருகிறது. தனித்து வாழும் ஒரு மூதாட்டிக்கு ஐந்து கோழிகள் என்பது வங்கிச் சேமிப்புக்கு ஒப்பானது. அந்தச் சேமிப்பு ஒரே வாரத்தில் முற்றிலும் அழிந்துபோகக் கூடியது என்பதுதான் சிக்கல்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு மூன்று முறை அடைகாத்து, ஒவ்வொரு முறையும் பத்துக் குஞ்சுகளைப் பொரிக்கிறது என்று கொள்வோம். மொத்தம் முப்பது குஞ்சுகள். அவற்றில் 21 இறந்து 9 பிழைக்கின்றன என்போம். இழப்பை 21-இலிருந்து 12-ஆகக் குறைத்தால் பிழைப்பவை 18. இழப்பு பாதியளவுகூடக் குறையவில்லை; ஆனால், விளைவு இரட்டிப்பாகிவிட்டது. இதற்காகக் கூடுதலாக ஒரு கோழியையும் வாங்கவில்லை. கோழி வளர்ப்பில் செலவிடும் பணத்துக்கு மிகுந்த பலன் கிடைப்பது புதிய குஞ்சுகளை வாங்குவதில் அன்று, இருக்கும் குஞ்சுகளைக் காப்பதில்தான்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். வேறு எவற்றால் சாகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகக் காண்பது நல்லது.

அடைவைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. விரிசல் விட்டவை, மிகச் சிறியவை, உருவம் கோணியவை ஆகியவற்றை விலக்க வேண்டும். முட்டையைக் கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கையான பூச்சு நீங்கி நுண்ணுயிர்கள் உள்ளே புக வழி ஏற்படும். நாட்டுக்கோழியின் உடல் பத்து அல்லது பன்னிரண்டு முட்டைகளையே நன்கு மூடும். அதற்கு மேல் வைத்தால் விளிம்பில் இருப்பவை சூடு குறைந்து வீணாகும். மண் அல்லது தவிட்டின்மீது வைக்கோல் பரப்பிய கூடையை, வெளிச்சமும் நடமாட்டமும் குறைந்த மூலையில் வைத்தால் போதும். ஏழாம் நாள் இரவில் முட்டையின் பின்னே விளக்கைப் பிடித்துப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிவந்த நரம்புகள் சிலந்தி வலைபோலத் தெரியும். ஒன்றும் தெரியாதது கூமுட்டை, அதை எடுத்துவிடலாம். இருபத்தோராம் நாள் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவரும்.

முதல் வாரத்தில் குஞ்சுக்குத் தேவையானது ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம். தாய்க்கோழி இருந்தால் அதன் சிறகே போதும். தாயில்லாக் குஞ்சுகளுக்கு மின்விளக்கின் சூடு வேண்டும். விளக்கின் கீழ் நெருங்கி அடைந்தால் குளிர்கிறது என்றும், விலகி ஓரத்தில் ஒதுங்கினால் சூடு மிகுதி என்றும் குஞ்சுகளே நமக்கு அறிவித்துவிடும். தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாக இருக்க வேண்டும். உடைத்த கம்பு, நொய், கரையான் ஆகியவை நல்ல உணவு. பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் இட்டு, நீர் தெளித்து, இரவில் மண்ணின்மேல் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் சேர்ந்திருக்கும். பகலில் காகமும் பருந்தும் கீரியும், இரவில் பூனையும் காத்திருக்கும். முதல் எட்டு வாரங்களுக்குப் பகலில் பஞ்சாரமும் இரவில் அடைப்புள்ள கூண்டும் இருந்தால் இந்த இழப்பு பெரிதும் குறையும்.

இவற்றை எல்லாம் கடந்த கோழிக்கு அடுத்து வருவது வெள்ளைக் கழிச்சல் நோய். கிராமத்தில் ‘கோழிச் சீக்கு’ என்றால் பெரும்பாலும் இதுதான். 1926-இல் இங்கிலாந்தின் நியூகேசில் நகரில் கண்டறியப்பட்டதால் உலகம் இதை நியூகேசில் நோய் என்கிறது. நம் நாட்டில் இமயமலை அடிவாரத்து ராணிகேத் ஊரின் பெயரால் ராணிகேத் நோய் என்று வழங்குகிறது. கோழி சோர்ந்து, மூச்சுத் திணறி, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகிச் சாகும். நச்சுயிரியால் வரும் இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை. தடுப்பு மருந்து உண்டு. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலின் அடியில் ஓர் ஊசி என்பது வழக்கமான முறை. விலையும் மிகக் குறைவு.

அப்படியானால் கோழிகள் ஏன் சாகின்றன? இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. மருந்துக் குப்பி நூறு, இருநூறு கோழிகளுக்கான அளவில் வருகிறது. உறைகுளிர்ப் பெட்டியில் கொண்டுவர வேண்டும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பத்தாயிரம் கோழிகள் உள்ள பண்ணைக்கு இது பொருட்டே அன்று. எட்டுக் கோழிகள் உள்ள பெண்ணுக்கோ, மருந்தின் விலையைவிட அதைத் தேடிப் போய்வரும் ஒரு நாள் கூலி இழப்பு பெரிது. பிரிக்க முடியாத இடுபொருள் சிறு உற்பத்தியாளரை ஒதுக்கிவிடும் என்பது பொருளாதாரத்தின் பழைய பாடம்.

தமிழகக் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் கழிச்சல் நோய்த் தடுப்பூசிக்கான இருவார முகாம்களை நடத்தி வருவது பாராட்டத்தக்கது. பனி விலகி வெயில் ஏறும் பருவத்தில் நோய் மிகுவதால் அந்தக் காலத் தேர்வும் பொருத்தமானதே. எனினும், ஆனியிலும் ஐப்பசியிலும் பொரியும் குஞ்சுகள் பிப்ரவரி முகாமின்போது பிறந்திருப்பதே இல்லை. கோழி ஆண்டு முழுவதும் பொரிக்கிறது. பாதுகாப்பும் ஆண்டு முழுவதும் கிடைத்தாக வேண்டும்.

நோய் கோழியை ஒரேயடியாக வீழ்த்துகிறது என்றால், ஒட்டுண்ணிகள் சிறுகச் சிறுக அரிக்கின்றன. பேன் கோழியின் உடலிலேயே வாழ்ந்து, இறகின் அடியில் கொத்தாக முட்டையிடும். செள்ளும் உண்ணியும் வேறு வகை. அவை பகலில் கூண்டின் விரிசல்களிலும் கூரை இடுக்குகளிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் உறிஞ்சும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு செய்யக் கூடாது. இரவில் விளக்கோடு பார்க்க வேண்டும். செள் மிகுந்தால் அடைக்கோழி முட்டைகளைக் கைவிட்டு எழுந்துவிடும். கோழி பிழைத்திருக்கும், ஓர் ஈடு குஞ்சுகள் முழுவதும் பாழாகும். இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் சேராது.

இதற்குரிய தீர்வு எளியது. மணலும் சாம்பலும் கலந்த குழி ஒன்று இருந்தால் கோழி தானே புரண்டு குளித்துப் பேனைக் குறைத்துக்கொள்ளும். கூண்டின் விரிசல்களை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒவ்வோர் ஈட்டுக்கும் அடைக்கூடையின் வைக்கோலை மாற்றி, பழையதை எரித்துவிட வேண்டும். மருந்து இட்டால், பத்துப் பதினான்கு நாள்கள் கழித்து மறுமுறையும் இடுவது இன்றியமையாதது. முதல் முறையில் பூச்சிகள் சாகும். முட்டைகள் தப்பிப் பொரிந்துவிடும். பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியைக் கோழியின்மீது தெளிக்கும் வழக்கம் ஆபத்தானது. அது கோழியைக் கொல்லலாம். முட்டை வழியாக நம் வயிற்றுக்கும் வரலாம்.

குடற்புழுக்கள் கண்ணுக்குத் தெரியாத கூட்டாளிகளைப் போன்றவை. நாம் இடும் தீனியில் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. கோழி தின்னும், தேறாது. எறும்பு, வண்டு, ஈ ஆகியவற்றின் வழியே நாடாப்புழு பரவுவதால், மேய்ந்து தின்னும் கோழிக்குப் புழு அறவே வராமல் தடுக்க இயலாது, சுமையைக் குறைக்கலாம். பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து கொடுத்து, அவர் குறிப்பிடும் நாள்வரை முட்டையைத் தவிர்க்க வேண்டும். குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சல் ஈரத்தில் பெருகும் நுண் ஒட்டுண்ணியால் வருவது. தரை உலர்ந்திருப்பதே அதற்கான முதல் தடுப்பு.

இந்தப் பின்னணியில் அரசுத் திட்டங்களை நோக்கலாம். ஏழைப் பெண்களுக்கு நான்கு வாரக் குஞ்சுகளை வழங்குவது நல்ல நோக்கம் கொண்டது. ஹைதராபாதில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் நாட்டுக்கோழியைவிட மிகுதியாக முட்டையிடுகின்றன. ஆனால், இத்தகைய இனங்கள் பெரும்பாலும் அடைகாப்பதில்லை. அவை இறந்தால் மீண்டும் குஞ்சு வாங்கியாக வேண்டும். நம் சிறுவிடையோ குறைவாக முட்டையிட்டாலும் தன் இனத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும். கையில் மறுமுதல் இல்லாத குடும்பத்துக்கு அந்தப் பண்பின் மதிப்பு, முட்டை எண்ணிக்கையில் தெரிவதைவிடப் பெரிது.

வங்கதேசத்தில் 1980-களிலிருந்து அரசும் பிராக் தொண்டு நிறுவனமும் இணைந்து, கிராமந்தோறும் ஒரு பெண்ணுக்குத் தடுப்பு மருந்து இடப் பயிற்சியளித்தன. மருந்தை அரசு தந்தது. அவர் வீடுவீடாகச் சென்று சிறு கட்டணம் பெற்றார். நூறு கோழிகளுக்கான குப்பி பத்து வீடுகளுக்குப் பகிரப்பட்டது. மொசாம்பிக் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான, வெப்பம் தாங்கும் சொட்டு மருந்தைக் கிராமத்தவரே இடுகின்றனர். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், நாட்டுக்கோழிகளுக்கென்றே தின்னக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. கொல்லைப்புறத்துக்கு அதைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான் தேவை.

அதற்கான அமைப்பும் நம்மிடம் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ‘பசு சகி’ என்ற பெயரில் பெண்கள் கால்நடைப் பராமரிப்பில் பயிற்சி பெறுகின்றனர். ஊராட்சிக்கு ஒருவரேனும் மாதத்தில் ஒரு நாளைக் கோழிகளுக்கென ஒதுக்கி, தடுப்பு மருந்தையும் குடற்புழு மருந்தையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால், அதற்கு ஆகும் செலவு புதிய குஞ்சுகளை வாங்கி வழங்கும் செலவில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். குஞ்சு வழங்கும் ஒவ்வொரு திட்டத்திலும், மருந்துக்கும் தொடர் வருகைக்கும் நிதியில் ஒரு பங்கைக் கட்டாயமாக ஒதுக்க வேண்டும்.

திட்டத்தின் வெற்றியை அளக்கும் முறையும் மாற வேண்டும். எத்தனை குஞ்சுகள் வழங்கப்பட்டன என்பதை ஆண்டறிக்கைகள் தவறாமல் சொல்கின்றன. ஓராண்டு கழித்து அவற்றில் எத்தனை உயிரோடு இருந்தன, எத்தனை அடைகாத்தன, அந்தப் பெண்ணின் கையில் எவ்வளவு பணம் சேர்ந்தது என்பவையும் அதே அறிக்கையில் இடம்பெறட்டும். அந்த எண்களைக் கேட்டுப் பெறும் உரிமை, வரி செலுத்தும் நமக்கும் உண்டு. குஞ்சுகளைப் பெற்றுக்கொண்ட அந்தப் பெண்களுக்கும் உண்டு.