ஏகசக்கர வண்டி

சூரியனுடைய தேருக்குச் சக்கரம் ஒன்றே என்று புராணங்கள் கூறும். ஆயினும், அத்தேரை இழுப்பதற்கு ஏழு குதிரைகள் உண்டு. செலுத்துவதற்கு அருணன் என்னும் சாரதி உண்டு. குதிரையுமின்றி, சாரதியுமின்றி, அமர்வதற்கு ஆசனமுமின்றி, ஒரே சக்கரத்தின்மீது நின்றபடி மனிதர் வீதியிற் செல்லும் காட்சியை இன்று பாரிஸ் மாநகரிலே காணலாம். அலுவலகம் செல்வோர், மாணவர், கடைக்குப் போய்ப் பாணும் பழமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோர் எனப் பலதிறத்தாரும் இவ்வாகனத்தில் உலாவுகின்றனர். வேடிக்கையாகத் தொடங்கிய பழக்கம் பலருக்கு அன்றாடத் தேவையாகிவிட்டது.

சைக்கிளுக்குத் துவிச்சக்கர வண்டி எனப் பெயரிட்ட நம்மவரின் வழக்கைப் பின்பற்றி, இதனை நாம் ஏகசக்கர வண்டி எனலாம். இதன் வெளித்தோற்றம் மிக எளிது. நடுவே தடித்த ரயர் பூட்டிய சக்கரம் ஒன்று; அதனை மூடியிருக்கும் உறை; இரு பக்கமும் மடிக்கத்தக்க மிதிபலகைகள்; மேலே தூக்கிச் செல்வதற்கு ஒரு பிடி. அவ்வளவே. திருப்புவதற்குக் கைபிடி இல்லை. நிறுத்துவதற்குப் பிரேக் இல்லை. காலால் மிதிக்க வேண்டியதுமில்லை. முன்னே சாய்ந்தால் ஓடும். பின்னே சாய்ந்தால் வேகம் தணிந்து நிற்கும். சிறிய வண்டிகள் 12 முதல் 15 கிலோகிராம் வரையான நிறையுடையவை.

வந்த வரலாறு

ஒற்றைச் சக்கரத்தில் ஓடுவது புதிய வித்தையன்று. சர்க்கஸ் கூடாரங்களிலே கோமாளிகள் அதனை நெடுங்காலமாகச் செய்துவந்துள்ளனர். ஆனால் அது பல மாதப் பயிற்சியின் பயன். சாதாரண மனிதனும் அவ்வாறு ஓடலாம் என்ற நிலையை உண்டாக்கியது மின்சாரமும் கணிப்பொறியும் சேர்ந்த கூட்டுறவேயாகும்.

2001ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்கரான டீன் கேமன் 'செக்வே' என்னும் வாகனத்தை உலகுக்குக் காட்டினார். பக்கம் பக்கமாக இரு சக்கரங்களும், நின்று பிடிப்பதற்கு ஒரு நெடுங்கம்பும் கொண்ட அவ்வாகனம், தன்னைத் தானே விழாது நிறுத்திக்கொள்ளும் ஆற்றலுடையது. 2004இல் ட்ரெவர் பிளாக்வெல் என்னும் பொறியியல் அறிஞர் அதே தத்துவத்தை ஒரு சக்கரத்துக்குப் பொருத்தி, ஆசனமுள்ள வண்டியொன்றைச் செய்தார். 2009இல் யப்பானின் ஹொண்டா நிறுவனமும் ஒரு சிறு ஆசன வண்டியைக் காட்சிக்கு வைத்தது.

ஆசனத்தையும் நீக்கி, சக்கரத்தின் இருபுறமும் கால்வைத்து நிற்கும் இன்றைய உருவத்தைப் பிரசித்தமாக்கியவர் ஷேன் சென் என்பவர். சீனாவிலே பிறந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வாழும் இவர், 2011ஆம் ஆண்டளவில் 'சோலோவீல்' என்ற பெயரில் தமது வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் சீனத் தொழிற்சாலைகள் இத்துறையில் முன்னணிக்கு வந்தன. 'இன்மோஷன்', 'கிங்சோங்', 'பிகோட்' முதலிய பெயர்கள் இவ்வண்டி ஓட்டுவோர் நாவில் இன்று சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன. செக்வேயின் உற்பத்தியோ 2020இல் நிறுத்தப்பட்டது. தாய் மறைய, சேய் தழைத்தது எனலாம்.

விழாதிருப்பது எவ்வாறு?

சிறுவர்கள் ஈர்க்குமாற்றுத் தடியை உள்ளங்கையில் நட்டு நிறுத்தி விளையாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தடி முன்னே சாயும்போது சிறுவன் கையை முன்னே கொண்டுசெல்கிறான். பின்னே சாய்ந்தால் கையைப் பின்னே இழுக்கிறான். தடியின் அடி எப்பொழுதும் அதன் தலைக்குக் கீழே ஓடிச் சென்று அதனைத் தாங்குகிறது. ஏகசக்கர வண்டியின் இரகசியமும் இதுவே. இங்கே தடி என்பது மனிதன்; உள்ளங்கை என்பது சக்கரம்.

வண்டி எவ்வளவு சாய்ந்தது, எவ்வளவு விரைவாகச் சாய்கிறது என்பவற்றை அதனுள் இருக்கும் நுண்ணிய உணர்கருவிகள் இடைவிடாது அளக்கின்றன. ஒரு வினாடியில் பன்முறை இக்கணக்கு நடைபெறுகிறது. சிறு கணிப்பொறி அதனைப் பார்த்துச் சக்கரத்தின் நடுவிலுள்ள மோட்டாருக்குக் கட்டளையிடுகிறது. ஓட்டுபவர் முன்னே சாய்ந்தால், அவர் விழுமுன் சக்கரம் அவருக்குக் கீழே ஓடி வந்துவிடும். ஆகவே, ஓட்டம் என்பது இங்கே தடுக்கப்பட்ட ஒரு விழுகையேயன்றி வேறன்று.

முன்பின் சமநிலையை யந்திரம் பார்த்துக்கொள்கிறது. பக்கச் சமநிலை மனிதனுடைய பொறுப்பு. உருட்டிவிட்ட நாணயம் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே வளைந்து ஓடும் அல்லவா? அவ்வாறே வண்டியை இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம் திரும்பும். துவிச்சக்கர வண்டியைப் போலவே இதுவும் வேகமாக ஓடும்போது உறுதியாகவும், மிக மெதுவாக ஓடும்போது தள்ளாட்டமாகவும் இருக்கும்.

பழகும் முறை

முதல் நாளில் ஒரு சுவரையோ வேலியையோ பிடித்துக்கொண்டு ஒரு காலை மிதிபலகையில் வைத்து, வண்டியின் உறையைக் கெண்டைக்காலோடு அணைத்துப் பழக வேண்டும். பின்னர் மற்றக் காலால் நிலத்தை உந்தி, சிறிது தூரம் ஓடியதும் அக்காலையும் தூக்கி வைக்க வேண்டும். புதியவர் செய்யும் பிழை, குனிந்து தம் பாதங்களைப் பார்ப்பதே. கண் தூரத்தை நோக்கினால் உடல் நிமிரும். உடல் நிமிர்ந்தால் சக்கரம் நேராக ஓடும். நாளொன்றுக்கு அரைமணி நேரமாகப் பழகுவோர் பலர் ஓரிரு வாரங்களில் தேறிவிடுகின்றனர். அதற்கிடையில் காலிற் சில கண்டல் காயங்கள் உண்டாவது பழகுவோர் கொடுக்கும் தட்சிணையாகும்.

பழகியபின் இதன் உபயோகம் பெரிது. இரு கைகளும் ஓய்வாக இருக்கும். முதுகிற் பை மாட்டிச் சாமான் கொண்டுவரலாம். கடைவாசலிற் பூட்டி வைத்துக் கள்வருக்கு அஞ்ச வேண்டியதில்லை. கையோடு உள்ளே உருட்டிச் செல்லலாம். அலுவலகத்தில் மேசையின் கீழே வைக்கலாம். செலவோ சொற்பம். சிறிய வண்டி ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 15 முதல் 20 வாட்-மணி மின்சாரத்தையே உண்கிறது. மின்சாரப் பட்டியலில் ஓர் அலகு எனக் காண்பது 1,000 வாட்-மணி. அந்த ஓர் அலகைக் கொண்டு 50 கிலோமீற்றர் போய்விடலாம்.

கையிருப்பே உயிர்

இத்தனை நலமுள்ள வண்டியில் ஓர் அபாயமும் உண்டு. அதனை அறியாது ஏறுதல் கூடாது. மோட்டார் வாகனத்தில் எரிபொருள் தீர்ந்தால் வாகனம் நிற்கும். அதில் இருப்பவர் இறங்கி நடப்பார். ஏகசக்கர வண்டியிலோ, ஒரு கணம் வலு போதாதுபோனால் ஓட்டுபவர் முகங்குப்புற விழுவார். ஏனெனில் அவரைத் தாங்கி நிற்பது சட்டமோ சக்கரமோ அன்று. மோட்டாரின் எஞ்சிய வலுவேயாகும்.

இதனைச் சிறிது விளக்குவோம். சுழலும் மோட்டார் தானும் ஒரு மின்பிறப்பாக்கி போலாகி, மின்கலத்தின் அழுத்தத்தை எதிர்க்கிறது. வேகம் கூடக் கூட இவ்வெதிர்ப்பும் கூடும். மோட்டாரிடம் எஞ்சியிருக்கும் வலு குறையும். உச்ச வேகத்தை அண்மியவரிடம் கையிருப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லை. அந்நேரத்தில் ஒரு குழியோ, மேடோ, எதிர்க்காற்றோ சிறிது அதிக வலுவைக் கேட்டால், கொடுப்பதற்கு யந்திரத்திடம் எதுவுமிராது.

மின்கலமும் எப்பொழுதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. 20 கலங்களை வரிசையாக இணைத்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முழுமையாக நிரம்பியபோது ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட், மொத்தம் 84 வோல்ட். பெரும்பகுதி செலவாகி ஒவ்வொன்றும் 3.3 வோல்ட்டுக்கு இறங்கினால் மொத்தம் 66 வோல்ட்டே. ஆகவே காலையில் அபாயமின்றி ஓடிய அதே வேகம் மாலையில் ஆளை வீழ்த்தக்கூடும். இதனாலேயே வண்டி, எல்லையை நெருங்கும்போது ஒலியெழுப்பி எச்சரிக்கிறது. மிதிபலகையின் முன்விளிம்பை உயர்த்தி, ஓட்டுபவரைப் பின்னே சாயச் செய்கிறது. அந்த எச்சரிக்கையை மீறி முன்னே சாய்கிறவர் தமக்குத் தாமே குழி தோண்டுகிறார்.

மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் உணர்த்திய உண்மை. இவ்வண்டி ஓட்டுவோர் நாள்தோறும் நினைவிற் கொள்ள வேண்டிய உண்மையும் அதுவே.

வலு மிகுந்தாலும் தொல்லையுண்டு. இறக்கத்தில் ஓடும்போது மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கி மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பும். அதுவே அதன் பிரேக்காகும். கலம் ஏற்கெனவே முழுமையாக நிரம்பியிருந்தால் அம்மின்சாரம் புகுவதற்கு இடமில்லை. ஆகையால் மலையுச்சியில் வாழ்பவர், வீட்டிலிருந்து இறங்கும்போது கலத்தைச் சிறிது குறைவாகவே நிரப்பி வைத்தல் நன்று.

தலைக்கவசமும், மணிக்கட்டு, முழங்கால் காப்புகளும் அணிவது அறிவுடைமை. விழுகிறவன் முதலில் நிலத்தில் ஊன்றுவது கையையே ஆதலின், மணிக்கட்டுக் காப்பு அழகுக்காக அன்று.

வீட்டிலும் விழிப்பு வேண்டும்

2021 நவம்பரில் லண்டன் நிலக்கீழ் ரயில் ஒன்றில் மின்சார ஸ்கூட்டரொன்றின் மின்கலம் தீப்பற்றியது. அதனைத் தொடர்ந்து, அந்நகரின் ரயில்களிலும் பஸ்களிலும் மின்சார ஸ்கூட்டர்களையும் ஏகசக்கர வண்டிகளையும் கொண்டுசெல்வது அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் திகதி முதல் தடைசெய்யப்பட்டது. லித்தியம் மின்கலம் சிறிய இடத்தில் மிகுந்த சக்தியை அடக்கியுள்ளது. அடிபட்ட கலத்தையும், நீர் புகுந்த கலத்தையும் உபயோகித்தலாகாது. வண்டியோடு வந்த மின்னேற்றியையே உபயோகிக்க வேண்டும். எல்லாரும் உறங்கும் வேளையில், வீட்டைவிட்டு வெளியேறும் ஒரே வாசலை மறித்து வைத்து மின்னேற்றுதல் பெருந்தவறு.

கடலின் இருகரையும் இருவித சட்டமும்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கிடப்பது ஒரு சிறு கடல். ஆயினும் இவ்வண்டியைப் பொறுத்தவரை அவை இரு வேறு உலகங்கள். இங்கிலாந்திலே இதனைப் பொதுவீதியில் ஓட்டுவது குற்றம். நடைபாதையில் ஓட்டுவதும் குற்றம். தனியார் நிலத்தில், உரியவரின் அனுமதியோடு மட்டுமே ஓட்டலாம். நடைபாதைத் தடைக்கு ஆதாரமான சட்டம் 1835ஆம் ஆண்டுக்குரியது. விக்டோரியா மகாராணி அரியணை ஏறுவதற்கும் முற்பட்டது! ஜெர்மனி 2019இல் மின்சார ஸ்கூட்டருக்கு வழிவிட்டதாயினும், கைபிடி இருத்தல் வேண்டும் என விதித்தமையால் ஏகசக்கர வண்டி வெளியே நிற்க நேர்ந்தது.

பிரான்சோ 2019 ஒக்டோபரில் இவற்றை வீதிச் சட்டத்தினுள் சேர்த்துக்கொண்டது. உரிமை கொடுத்த அவ்வரசு கட்டுப்பாடும் வைத்தது. வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டலாகாது. ஒருவரே ஏறலாம். காதிற் கேட்புக் கருவி அணிதல் கூடாது. காப்புறுதி கட்டாயம். நடைபாதையில் ஓடினால் 135 யூரோ தண்டம். 25 கிலோமீற்றருக்கு மேல் ஓடவல்ல வண்டியை வீதிக்குக் கொண்டுவந்தால் தண்டம் 1,500 யூரோ வரை செல்லும். ஓட்டுவோரின் ஆகக் குறைந்த வயது முதலில் 12 ஆக இருந்து, 2023இல் 14 ஆக உயர்த்தப்பட்டது. இன்று விற்பனையாகும் பெரிய வண்டிகளுட் சில மணிக்கு 60 கிலோமீற்றருக்கும் மேல் ஓடுவன என்பதை நோக்கின், இவ்விதிகளின் அவசியம் விளங்கும்.

இந்த இரு நகரங்களிலும் எம்மவர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். லாசப்பலிலே உள்ள மருமகன் சட்டப்படி ஓட்டும் வண்டியை, லண்டனிலே உள்ள மைத்துனன் வீதிக்குக் கொண்டுவந்தால் பொலிசாரிடம் பறிகொடுக்க நேரலாம். பிள்ளைகளுக்கு இதனைப் பரிசாக வாங்கிக் கொடுக்க எண்ணும் பெற்றோர், விலையை விசாரிக்குமுன் தாம் வாழும் நாட்டின் சட்டத்தை விசாரித்தல் வேண்டும்.

ஏகசக்கர வண்டியைக் கண்டு, இது பித்தர்களின் விளையாட்டு என்று இகழ்வோர் உளர். சைக்கிளையும் அவ்வாறு இகழ்ந்த காலம் ஒன்று இருந்தது. 1870களில் அதன் முன்சக்கரம் ஆளுயரமாக இருந்தது; கல்லில் மோதினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுந்தார். 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி ஏறத்தாழச் சமமான இரு சக்கரங்களோடு 'ரோவர்' வண்டியைச் செய்தபின்னரே சைக்கிள் குடும்பங்களின் வாகனமாயிற்று. ஏகசக்கர வண்டிக்கும் அத்தகைய ஒரு காலம் வரலாம்.

அதுவரை இதனை ஓட்டுவோருக்கு வேண்டியது சாமர்த்தியத்திலும் மேலான நிதானம். வலு முழுவதையும் வேகத்துக்குச் செலவிடாமல், வழியில் எதிர்ப்படும் குழிக்கும் மேட்டுக்கும் காற்றுக்கும் ஒரு பங்கை மீத்து வைப்பவரே நல்ல ஓட்டுநர். வரும்படி முழுவதையும் அன்றன்றே செலவிடாத குடும்பம், வருத்தம் வந்த நாளில் தலைகுனியாது நிற்கிறது அல்லவா? ஏகசக்கர வண்டியில் நிமிர்ந்து நிற்பதற்கும் அதுவே வழி.